கோல்டு கார்டும் கே கிளாஸும்

எங்கள் தொழிலில் பயணியின் பெயரைப் படிப்பதற்கு முன்பே டிக்கெட்டின் எழுத்தைப் படித்துவிடுவோம். விமானத்தில் எகானமி, பிசினஸ், ஃபர்ஸ்ட் என்று மூன்று வகுப்புதான் என்று பயணி நினைத்துக்கொண்டிருப்பார். எங்கள் திரையில் எகானமி மட்டுமே பத்துப் பன்னிரண்டு எழுத்துகளாகப் பிரிந்து கிடக்கும். ஒய் என்றால் முழுக்கட்டணம். தேதியை மாற்றலாம், ரத்து செய்யலாம், பெரிய வெட்டு இல்லாமல் பணம் திரும்பும். அடுத்தது பி, எம். அப்புறம் ஹெச், க்யூ, வி, எஸ், டி, எல், கே என்று இறங்கிக்கொண்டே போகும். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும். ஆனால் ஒய் உச்சியில் இருப்பதும் கே, எல், டி மாதிரி எழுத்துகள் அடியில் கிடப்பதும் அநேகமாக எல்லா இடத்திலும் ஒன்றுதான். அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைவிட மூன்று மடங்கு கொடுத்திருப்பார். இருவருக்கும் அது தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

எழும்பூர் மாண்டியத் ரோட்டில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட்டிங் கற்றுக்கொண்டேன். பிறகு ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியின் கட்டடத்துக்குள்ளேயே எங்கள் ஏஜென்சி ஒரு மேஜை போட்டது. அதை ‘இம்ப்ளான்ட்’ என்போம். சம்பளம் ஏஜென்சி கொடுக்கும், வேலை வாங்குவது வாடிக்கையாளர் கம்பெனி. காலையில் போய் உட்கார்ந்தால் சிகாகோ, டல்லாஸ், ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் என்று டிக்கெட் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனியின் டிராவல் பாலிசி பல பக்கம் இருந்தாலும் சாரம் ஒற்றை வரிதான்: இருப்பதில் குறைந்த கட்டணம். அதாவது கே. இல்லாவிட்டால் எல்.

அந்த கே டிக்கெட்டில் போகிறவர்களின் சட்டைப் பையில்தான் கோல்டு கார்டு இருந்தது. ஓயாமல் பறக்கிறவருக்குத்தான் கார்டு கிடைக்கும். ஓயாமல் பறக்கிறவரைத்தான் கம்பெனி மலிவாக அனுப்பும். என் உத்தியோக காலத்தில் பாதி, இந்த முடிச்சை ஒவ்வொருவருக்கும் விளக்குவதிலேயே போயிற்று.

“நான் கோல்டு மெம்பர்மா. ஃபிராங்க்ஃபர்ட் வரைக்குமாவது பிசினஸ்ல போடச் சொல்லேன்.” இப்படிக் கேட்காத மேனேஜர் இல்லை.

“எந்த ஏர்லைன்ஸ் கார்டு சார்?”

அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவராக இருப்பார். யுனைட்டெட் கார்டு. ஏறப்போவது லுஃப்தான்சா. “ரெண்டும் ஸ்டார் அலையன்ஸ்தானே?” என்று மடக்குவார். ஸ்டார் அலையன்ஸ்தான். ஆனால் அந்த உறவு சம்பந்தி உறவு மாதிரி. வாசலில் வரவேற்பார்கள், இலை போட்டு உபசரிப்பார்கள். பீரோ சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

அடிக்கடி பறப்பவரைக் கணக்கெடுத்து மைல் கொடுக்கும் பெரிய திட்டத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தொடங்கியது. யுனைட்டெட் சில நாளிலேயே தன்னுடையதைக் கொண்டுவந்துவிட்டது. அப்போது அவரவர் விமானம், அவரவர் மைல். 1997 மே 14 அன்று ஏர் கனடா, லுஃப்தான்சா, எஸ்.ஏ.எஸ்., தாய், யுனைட்டெட் ஐந்தும் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் அமைத்தன. 1999-ல் ஒன்வேர்ல்டு, 2000-ல் ஸ்கைடீம். ஒரு கம்பெனியின் பெரிய வாடிக்கையாளரை மற்றக் கம்பெனிகளும் அடையாளம் கண்டு மரியாதை செய்ய வேண்டும் என்பது இவற்றின் உடன்பாடுகளில் ஒன்று. அதற்காகத்தான் பொதுவான பட்டங்கள் வந்தன: ஸ்டாரில் சில்வர், கோல்டு, ஒன்வேர்ல்டில் ரூபி, சஃபையர், எமரால்டு, ஸ்கைடீமில் எலைட், எலைட் பிளஸ். ஸ்டார் கோல்டுக்காரரின் போர்டிங் பாஸில் ஒரு நட்சத்திரமும் அதை ஒட்டி ஜி என்ற எழுத்தும் அச்சாகும். செக்-இன் பெண் அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவாள்.

என்னென்ன கிடைக்கும்? தனி வரிசையில் செக்-இன், முன்னால் ஏறுவது, லவுஞ்ச், பெட்டிக்கு முன்னுரிமைச் சீட்டு, கூடுதலாக 20 கிலோ அல்லது ஒரு பெட்டி. பட்டியல் இதோடு முடிந்தது. மேல் வகுப்புக்கு மாற்றுவது என்ற பேச்சே அதில் கிடையாது. எமரால்டுக்குக்கூட ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்சில் உட்காரும் உரிமை உண்டே தவிர, ஃபர்ஸ்ட் கிளாஸ் இருக்கையில் உட்காரும் உரிமை இல்லை. லவுஞ்சில் ஷாம்பெயினைக் கொடுத்துவிட்டு அதே ஆளை 43-ஆம் வரிசை நடு இருக்கைக்கு அனுப்புவதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

என்னைக் கேட்டால், சென்னைக்காரருக்கு அந்தப் பட்டியலில் லவுஞ்சைவிடப் பெரியது பெட்டி. அமெரிக்கா போகும் எகானமி பயணிக்குப் பொதுவாக 23 கிலோவில் இரண்டு பெட்டி. மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் அம்மாவுக்கு இரண்டு போதுமா? பருப்புப் பொடி, ஊறுகாய், பிரசவ லேகியம், வெண்கல உருளி, டேபிள் டாப் கிரைண்டர். கிரைண்டரின் கல் மட்டுமே பாதி எடையைத் தின்றுவிடும். மகனோ மருமகனோ கோல்டு என்றால், “அவரோட பேர்ல மூணாவது பெட்டி போடலாம்ல?” என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வார்கள். கார்டுக்காரர் கூடப் பயணம் செய்தால்தான் அவர் பெயரில் அந்தச் சலுகை. அவர் வீட்டில் இருக்க, மாமியார் மட்டும் கிளம்பினால் கிடையாது. இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட வீடுகள் உண்டு.

லவுஞ்ச் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. யுனைட்டெட்டின் சொந்த கோல்டு மெம்பர், அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும்போது அந்தக் கார்டை வைத்து யுனைட்டெட் லவுஞ்சுக்குள் போக முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கோல்டோ கிரேக்க நாட்டு ஏஜியன் கோல்டோ வைத்திருப்பவர் அதே விமானத்துக்கு அதே லவுஞ்சில் காலை நீட்டிக்கொள்ளலாம். வந்த விருந்தாளிக்கு உள்ள மரியாதை வீட்டு ஆளுக்கு இல்லை. இதைக் கண்டுகொண்ட கெட்டிக்காரர்கள், ஏறுவது எந்த விமானமானாலும் கணக்கை ஏஜியனிலோ துருக்கி விமானத்திலோ சேர்த்துக்கொண்டே வந்தார்கள். லவுஞ்சுக்கு அது நல்ல வழி. இருக்கைக்கு அது மோசமான வழி. ஏனென்றால் அமெரிக்கக் கம்பெனிகள் உள்நாட்டு விமானங்களில் இலவசமாக மேலே ஏற்றுவது முதலில் தங்கள் கார்டுக்காரர்களைத்தான். ஏஜியன் கோல்டுக்காரர் சிகாகோவிலிருந்து ஆஸ்டின் போகும் யுனைட்டெட் விமானத்தில் லவுஞ்சில் சாப்பிட்டுவிட்டு வந்து, தன் கண்ணெதிரே யுனைட்டெட் சில்வர்காரர் முன்வரிசைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். லவுஞ்சா இருக்கையா என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற கார்டை எடுக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்றவர்கள் என் மேஜைக்கு வந்து புலம்பினார்கள்.

சரி, கூட்டாளி விமானத்தில் மேலே ஏறவே முடியாதா? முடியும், மைலைக் கொடுத்தால். ஸ்டாரில் அதற்குப் பொதுவான ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு கம்பெனியில் சேர்த்த மைலை வைத்து இன்னொரு கம்பெனி விமானத்தில் ஒரு வகுப்பு மேலே போகலாம். ஒன்வேர்ல்டில் நான் வேலை பார்த்த காலத்தில் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக அப்படி ஒன்று இல்லை. இருவர் இருவராகத் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் ஒன்வேர்ல்டில் சேர்ந்தபோது, கொழும்பு வழியாக லண்டன் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் சில்வர்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். லவுஞ்ச் கிடைத்தது, பெட்டி கிடைத்தது. கையிலிருந்த ஏவியோஸை, அதாவது பிரிட்டிஷ் ஏர்வேஸ் மைலைக் கொடுத்து ஸ்ரீலங்கனில் எகானமியிலிருந்து பிசினஸுக்கு மாற முடியுமா என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில்.

ஸ்டாரின் ஏற்பாட்டுக்கு நான்கு பூட்டு. முதல் பூட்டு எழுத்து. கூட்டாளி மைலில் ஏற வேண்டுமானால் வாங்கிய டிக்கெட் பெரும்பாலும் ஒய், பி, எம் போன்ற மேல் எழுத்தாக இருக்க வேண்டும். கே டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஐந்து லட்சம் மைல் இருந்தாலும் பிரயோஜனமில்லை. பல சமயம் கே-யிலிருந்து எம்-முக்கு மாறும் வித்தியாசத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் சலுகை விலை பிசினஸ் டிக்கெட்டே வந்துவிடும். கணக்குப் போட்டுக் காட்டினால், “அப்ப மைல் எதுக்கும்மா கொடுக்கிறான்?” என்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

இரண்டாவது, டிக்கெட் எண்ணின் தலை. பதிமூன்று இலக்க எண்ணில் முதல் மூன்று யார் வெளியிட்ட டிக்கெட் என்று சொல்லும். 220 லுஃப்தான்சா, 016 யுனைட்டெட், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 618 சிங்கப்பூர், 098 ஏர் இந்தியா, 603 ஸ்ரீலங்கன். ஏறும் விமானம் யாருடையதாக இருந்தாலும், அந்த டிக்கெட்டில் கை வைத்து மாற்றி எழுதும் அதிகாரம் பிரதானமாக அந்த மூன்று இலக்கக்காரருக்குத்தான். 220 டிக்கெட்டை 016 திட்டத்தின் மைலால் உயர்த்தும்போது மைலை எடுத்துக்கொள்பவர் ஒருவர், இருக்கையைக் கொடுப்பவர் ஒருவர், டிக்கெட்டை மாற்ற வேண்டியவர் யார் என்பதில் தகராறு.

மூன்றாவது, விமான எண். சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் ஒரே ஃபிராங்க்ஃபர்ட் விமானத்தைக் கூட்டாளிகளும் தங்கள் பெயரில் நாலு இலக்க எண் போட்டு விற்பார்கள். கோட்ஷேர். அந்த எண்ணில் டிக்கெட் போட்டிருந்தால் பல திட்டங்களில் மைல் அப்கிரேடு செல்லாது. பறக்கிற கம்பெனியின் சொந்த எண்ணில்தான் போட்டிருக்க வேண்டும். இது மட்டும் என் கையில் இருந்தது. கட்டணம் ஒன்றாக இருந்தால் கோட்ஷேரைத் தொடாமல் சொந்த எண்ணிலேயே போட்டுவிடுவேன். பயணிக்குச் சொல்லவும் மாட்டேன், சொன்னாலும் விளங்காது.

நாலாவது பூட்டுதான் இரும்புப் பூட்டு. பிசினஸில் விற்காமல் மிஞ்சும் என்று கணக்குப் போட்ட இருக்கைகளில் ஒன்றிரண்டை, கூட்டாளிகளின் மைல்காரர்களுக்கென்று திறந்துவிடுவார்கள். அதற்கு எழுத்து ஐ. திரையில் ஜே 9, சி 9, டி 9 என்று வரிசையாகக் காட்டும். ஒன்பதுக்கு மேல் எத்தனை இருந்தாலும் திரையில் ஒன்பதுதான். பிசினஸ் கேபினே காலியாகக் கிடக்கிறது என்று பொருள். அதே வரிசையின் கடைசியில் ஐ 0 என்று நிற்கும். “இருபது சீட்டு காலி, எனக்கு ஒண்ணு தரக் கூடாதா?” என்று பயணி கேட்பார். காலிதான், ஆனால் அது விற்பனைக்கு வைத்த காலி. சொந்தக் கார்டுக்காரர்களுக்கென்று வேறு கணக்கில் கொஞ்சம் திறந்திருப்பார்கள், அது கூட்டாளித் திட்டத்தின் திரையில் தெரியவே தெரியாது. லுஃப்தான்சாவின் செனேட்டர் கார்டுக்காரர் தன் ஈ-வவுச்சரை வைத்து வெயிட்லிஸ்டில் உட்கார்ந்திருப்பார். வெளிக் கார்டுக்காரருக்குப் பல திட்டங்களில் வெயிட்லிஸ்டே கிடையாது. இருந்தால் இப்போதே, இல்லையென்றால் நாளைக்கு மறுபடி ஃபோன் போடு.

நான்கு பூட்டும் ஒருசேரத் திறந்த நாள்களும் உண்டு. டெலிவரி ஹெட் ஒருவர். வாடிக்கையாளர் இடத்தில் ஏதோ தீப்பிடித்த அவசரம், மறுநாளே கிளம்ப வேண்டும். கீழ் எழுத்துகள் எல்லாம் விற்றுப்போய் எம் மட்டுமே இருந்தது, கம்பெனியும் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டது. அவரிடம் அமெரிக்கத் திட்டம் ஒன்றில் மைல் குவிந்து கிடந்தது. போகும்போதும் வரும்போதும் ஐரோப்பிய விமானத்தில் ஐ ஒவ்வொன்று திறந்திருந்தது. அவர் தன் கார்டு கம்பெனிக்கு ஃபோன் போட, நான் பக்கத்தில் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிவில் எஃப்.க்யூ.டி.வி. என்று ஒரு வரி இருக்கும், மைல் சேர்ப்பதற்கு. அப்கிரேடு கேட்டால் எஃப்.க்யூ.டி.யு. என்று இன்னொரு வரி எழுந்து, பறக்கும் கம்பெனிக்குச் செய்தியாகப் போகும். பதில் வரும்வரை பயணப் பகுதி ஊசலாடிக்கொண்டிருக்கும். ஹெச்.கே. என்று வந்தால் உறுதி. யு.சி. என்று வந்தால் கையை விரித்துவிட்டார்கள் என்று பொருள். அன்று கொஞ்ச நேரத்தில் இரண்டு வழிக்கும் ஹெச்.கே. வந்தது, அவருக்கும் எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

போகும் பயணம் ஒழுங்காக நடந்தது. திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த ஐரோப்பிய கம்பெனி நேரத்தை மாற்றியது. முக்கால் மணி நேர மாற்றம்தான். அவர்களுடைய கம்ப்யூட்டர் எல்லாப் பயணிகளையும் புது நேரத்துக்கு நகர்த்தியது. இவரை நகர்த்தும்போது ஐ-யை விட்டுவிட்டுப் பழைய எம்-முக்கே நகர்த்திவிட்டது. ஒரே பயணத்துக்கு மூன்று இடத்தில் மூன்று பதிவு: எங்கள் ஏஜென்சியின் பி.என்.ஆர்., பறக்கும் கம்பெனியின் பி.என்.ஆர்., மைல் கம்பெனியின் பி.என்.ஆர். ஒன்றில் ஐ, ஒன்றில் எம், ஒன்றில் எதுவுமே இல்லை. மைல் கம்பெனியைக் கேட்டால் “பறக்கிறவரைக் கேள்” என்றார்கள். பறக்கிறவரைக் கேட்டால் “டிக்கெட் வெளியிட்டவரைக் கேள்” என்றார்கள். ஏர்போர்ட் கவுன்ட்டரில், “உங்கள் கூப்பனில் எகானமி என்றுதான் இருக்கிறது” என்று முடித்துவிட்டார்கள். மனிதர் எகானமியில்தான் வந்து இறங்கினார். கடிதம் மேல் கடிதம் போட்டு மைலைத் திரும்பப் பெற்றோம். இதற்கு நடுவில் அதே டிக்கெட்டுக்கு ‘வகுப்பு பொருந்தவில்லை’ என்று எங்கள் ஏஜென்சிக்கே ஒரு ஏ.டி.எம். வந்தது. ஏஜென்சி டெபிட் மெமோ. விமானக் கம்பெனி எங்கள் கணக்கில் நேரே கழித்துக்கொள்ளும் அபராதம். எதிர்த்து எழுதித்தான் அதை ரத்து செய்ய வைத்தோம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கூட்டாளி அப்கிரேடு வாங்கியவரின் டிக்கெட்டைத் தினம் காலையில் ஒரு முறை திறந்து பார்ப்பது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. நேர மாற்றம் வந்தால் அதை அங்கீகரிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஐ எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அங்கீகரிக்காமல் ஃபோனை எடுப்பேன். பயணிகளிடமும் சொல்லிவைத்தேன்: செயலியில் ‘சரி’ என்று தட்டாதீர்கள், முதலில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மைல் கொடுத்து ஏறினாலும் கைக்காசு போகும் இடமும் உண்டு. லண்டனிலிருந்து புறப்படும் பயணத்துக்கு பிரிட்டிஷ் அரசு விமானப் பயணி வரி வாங்குகிறது. எகானமிக்கு ஒரு விகிதம், அதற்கு மேல் போனால் வேறு விகிதம். மைலால் மேலே போனவரும் அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். “ஓசியில கிடைச்சதுக்கு வரியா?” என்று ஒருவர் என் மேஜையிலேயே சண்டை போட்டார். வரி வாங்கியது நான் இல்லை என்று அவருக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை.

ஏர்போர்ட்டில் காசும் இல்லாமல் மைலும் இல்லாமல் மேலே ஏற்றுகிறார்களே, அது வேறு கதை. எகானமியில் இருக்கிற இடத்தைவிட அதிகமாக விற்றிருப்பார்கள். எல்லோரும் வந்து நின்றுவிட்டால் சிலரைத் தூக்கி பிசினஸில் போட்டுத்தான் ஆக வேண்டும். ‘ஆப்-அப்’ என்பார்கள். இது பரிசு இல்லை, இடநெருக்கடி. யாரைத் தூக்குவது என்ற வரிசையில் பறக்கும் கம்பெனியின் சொந்தக் கார்டுக்காரர்கள் முதலில், கூட்டாளிக் கார்டுக்காரர்கள் பிறகு. தனியாகப் போகிறவர் குடும்பத்தோடு போகிறவரைவிடச் சுலபம். நாலு பேரில் ஒருவரை மட்டும் மேலே ஏற்றினால் வீட்டில் சண்டை. ஹனிமூன் என்று சொன்னால் கிடைக்கும், கோட்டு போட்டுப் போனால் கிடைக்கும் என்பதெல்லாம் பழைய காலத்துக் கதை. எங்கள் சீனியர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. முக்கியமான வாடிக்கையாளர் என்றால் பதிவில் சி.ஐ.பி. என்று ஒரு வரி போட்டு, ஏர்லைன் சேல்ஸ் மேனேஜருக்கு ஒரு ஃபோன் போடுவார். “நம்ம ஆளு, கொஞ்சம் பாத்துக்கோங்க.” தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் போகிற உறவு. அது அநேகமாகப் போய்விட்டது. இப்போது பட்டியலைக் கம்ப்யூட்டர் போடுகிறது, டூட்டி மேனேஜர் ஒன்றிரண்டு பெயரை மாற்றினால் உண்டு.

சென்னைப் பயணிகளுக்கு இதில் ஒரு தனித் தொல்லை. பாதிப் பேர் ஏ.வி.எம்.எல். போட்டிருப்பார்கள், இந்திய சைவச் சாப்பாடு. அது அவர்கள் பெயரில், எகானமி டிராலியில் ஏற்றப்பட்டிருக்கும். கடைசி நேரத்தில் அவரை பிசினஸுக்கு மாற்றினால் சாப்பாட்டையும் தேடி எடுத்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். அவசரத்தில் பட்டியல் பார்க்கிறவர், சிறப்பு உணவு கேட்காத ஆளாகப் பார்த்து எடுத்துவிடுவதை கவுன்ட்டர் நண்பர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சைவத்தை விடச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொன்னதில்லை. ஒரே ஒருவருக்கு விளையாட்டாகச் சொன்னேன்; அவர் அடுத்த பயணத்திலிருந்து பழத்தட்டு கேட்க ஆரம்பித்தார். அதுவும் சிறப்பு உணவுதான்!

நம் ஊர்க் கம்பெனிகளின் கார்டை நம்பியவர்களின் அனுபவம் தனி. கிங்ஃபிஷர் ஒன்வேர்ல்டில் சேரப்போகிறது என்று 2012 தொடக்கத்தில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். சேரவில்லை, அந்த ஆண்டிலேயே பறப்பதும் நின்றது. ஏர் இந்தியாவின் ஸ்டார் பிரவேசம் 2011-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2014 ஜூலையில்தான் நடந்தது. ஜெட் ஏர்வேஸ் எந்த அலையன்ஸிலும் சேராமல் கூட்டாளிகளை வைத்தே ஓட்டியது. 2019 ஏப்ரல் 17-இல் அதுவும் நின்றுபோனது. பிளாட்டினம் கார்டும் அப்கிரேடு வவுச்சருமாக இருந்தவர்கள் அடுத்த வாரமே வேறு கம்பெனிகளிடம் ‘ஸ்டேட்டஸ் மேட்ச்’ கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். பழைய கார்டைக் காட்டினால் அதற்கு நிகரான புதுக் கார்டைச் சில மாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் அது.

இப்போது ஏறும் படியே மாறிவிட்டது. முன்பு எகானமிக்கு அடுத்த படி பிசினஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-இலேயே நடுவில் ஒரு வகுப்பைக் கொண்டுவந்தது. லுஃப்தான்சா 2014-இன் இறுதியில், சிங்கப்பூர் 2015-ல். அப்கிரேடு என்பது பொதுவாக ஒரு படிதான். ஆகவே அதே மைலைக் கொடுத்தாலும் பல இடங்களில் கிடைப்பது பிரீமியம் எகானமி. படுக்கை இல்லை, அகலமான நாற்காலி. இன்னொரு பக்கம் ஏலம். மான்ட்ரியலில் உள்ள பிளஸ்கிரேடு என்ற நிறுவனம் இதற்கான மென்பொருளைப் பல விமானக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது. புறப்படுவதற்குச் சில நாள் முன்பு பயணிக்கு மின்னஞ்சல் வரும்: எவ்வளவு தருவீர்கள், சொல்லுங்கள். முள்ளை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த உங்கள் வாய்ப்பு ‘வலுவாக’ இருக்கிறது என்று காட்டும். கார்டே இல்லாத முதல் முறைப் பயணி கிரெடிட் கார்டைத் தட்டி முன்னால் போய் உட்காருகிறார். கடைசியில் கோல்டுக்காரருக்கு இலவசமாகப் போயிருக்கக்கூடிய காலி இருக்கைக்கு விலை கிடைத்துவிடுகிறது. கம்பெனி பக்கம் நின்று பார்த்தால் இது புத்திசாலித்தனம். கார்டுக்காரர் பக்கம் நின்றால், இத்தனை வருஷம் சேர்த்ததற்கு என்ன அர்த்தம் என்றுதான் கேட்கத் தோன்றும்.

கார்டு கிடைக்கும் வழியும் மாறிவிட்டது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 4,700 மைல். முன்பெல்லாம் போய் வந்தாலே கணிசமாக ஏறும். பிறகு எழுத்துக்கேற்ற சதவீதம் வந்தது; கால் பங்குதான் என்றால் 1,175 மைல். அதற்கும் பிறகு பணக் கணக்கு. டெல்டாவும் யுனைட்டெட்டும் 2015-லிருந்து கொடுத்த காசுக்கேற்ப மைல் தருகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலிலிருந்து கார்டின் படிநிலையையே செலவை வைத்துத் தீர்மானிக்கிறது. கே டிக்கெட்டில் ஓயாமல் பறந்து கோல்டு ஆன என் மேனேஜர்கள் இனி அதே வழியில் அங்கே போய்ச் சேருவது கடினம்.

அதனால் கடைசி வருஷங்களில் நான் சொன்ன யோசனை கொஞ்சம் சப்பென்று இருக்கும். இருட்டில் பத்து மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்றால், அந்த ஒரு வழிக்கு மட்டும் காசு கொடுத்து மேல் வகுப்பு வாங்கிவிடுங்கள், பகல் பயணத்துக்கு எகானமி போதும். வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: ஜி.எஸ்.டி. வந்தபோது எகானமிக்கு 5 சதவீதம், மற்ற வகுப்புகளுக்கு 12 என்று இருந்தது. 2025 செப்டம்பரில் அந்த 12 என்பது 18 ஆகிவிட்டது.

வேலையை விட்ட பிறகும் ஃபோன் நிற்கவில்லை. போன மாதம் அண்ணன் பையன், ஹூஸ்டனிலிருந்து லீவுக்கு வந்தவன், திரும்பப் போவதற்கு இரண்டு நாள் முன்பு கூப்பிட்டான்.

“அத்தை, நான் இந்த வருஷம் கோல்டு. ஃபிராங்க்ஃபர்ட் வரைக்கும் பிசினஸ் ஆக்கலாமா?”

“டிக்கெட் நம்பர் முதல் மூணு இலக்கத்தைச் சொல்லு.”

“ஜீரோ ஒண்ணு ஆறு.”

“ஃப்ளைட் நம்பர்?”

நாலு இலக்கம் சொன்னான்.

“கிளாஸ்னு ஓர் எழுத்து போட்டிருப்பான் பாரு.”

“எல்.”

“ஆகாதுடா. லவுஞ்ச்ல நல்லா சாப்பிட்டுட்டு எகானமியில ஏறித் தூங்கு. உனக்கு மூணாவது பெட்டி உண்டு, அண்ணி வாங்கி வச்சிருக்கிற கிரைண்டரை அதுல போடு. கல்லைத் தனியா கழட்டித் துணியில சுத்தி வை. இருபத்துமூணு கிலோ தாண்டாம வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துக்கோ.”